விசாகப்பட்டினம்: கிழக்கே கடல், மேற்கே மலை, நடுவே நான்கு நாள்

கடலோர ஊருக்குக் குடும்பத்தோடு போக வேண்டும் என்றதும் தமிழ்நாட்டு வீடுகளில் வரிசையாக வந்து விழும் பெயர்கள் கோவா, கொச்சி, புதுச்சேரி, கன்னியாகுமரி. விசாகப்பட்டினத்தின் பெயர் வருவதற்குள் பேச்சு முடிந்துவிடும். துறைமுகம், உருக்காலை, கடற்படைத் தளம் என்று வேலைக்காகப் போகும் ஊராகவே அது பலருக்கும் தெரியும். முந்தைய தலைமுறைக்கோ ஹௌரா மெயில் நின்று எஞ்சின் மாற்றிக்கொள்ளும் வால்டேர், அவ்வளவுதான்.

சென்னையிலிருந்து வடக்கே ரயிலில் போனால் இந்த ஊரின் சிறப்பு தானாகப் புரியும். கிருஷ்ணா, கோதாவரி கழிமுகங்களைத் தாண்டும்வரை கிழக்குக் கரை தட்டையாகவே கிடக்கிறது. விசாகப்பட்டினத்தை நெருங்கும்போது கிழக்குத் தொடர்ச்சி மலையின் கிளைக் குன்றுகள் கடல்வரை வந்து நிற்கின்றன. சாலையின் ஒரு பக்கம் அலை, மறுபக்கம் குன்று. இந்தியாவின் கிழக்குக் கரையில் பெருநகரம் ஒன்றுக்கு இப்படி ஓர் இடம் வாய்த்திருப்பது இங்கு மட்டும்தான் என்று சொன்னாலும் மிகையில்லை.

இந்த ஊருக்கான சுற்றுலா விளம்பரங்களில் ‘விசாகப்பட்டினம் – அரக்கு, 2 இரவு 3 நாள்’ என்பது வாடிக்கையான வரி. கேட்க நன்றாகத்தான் இருக்கிறது. ஆனால் அரக்குப் பள்ளத்தாக்கு நகரிலிருந்து ஏறக்குறைய 115 கிலோமீட்டர், அதில் கணிசமான பகுதி வளைந்து வளைந்து ஏறும் மலைப்பாதை. காரில் ஒரு வழிக்கு மட்டும் மூன்று மணி நேரத்துக்கு மேல் பிடிக்கும். ஒரே நாளில் போய்த் திரும்பினால் விடிவதற்கு முன் எழுந்து, இருட்டிய பின் வந்து விழ வேண்டும். நடுவில் பார்ப்பதெல்லாம் வண்டி நின்ற இடங்களில் ஐந்து நிமிடம், பத்து நிமிடம். குழந்தைகளுக்கு வாந்தி, பெரியவர்களுக்கு முதுகுவலி. மூன்று நாளில் ஒரு நாள் இப்படிப் போனால் நகரத்துக்கு மிஞ்சுவது ஒன்றரை நாள்தான். நான்கு நாளுக்குக் குறையாமல் ஒதுக்கினால்தான் இந்த ஊர் பிடிகொடுக்கும்.

திட்டமிடும்போது இடங்களின் பட்டியலைவிடத் திசைகளைப் பார்ப்பது நல்லது. ராமகிருஷ்ணா கடற்கரையிலிருந்து வடக்கே பீமிலிவரை, ஏறக்குறைய 30 கிலோமீட்டருக்குக் கடலை ஒட்டியே ஒரு சாலை போகிறது. கைலாசகிரி, ருஷிகொண்டா, தொட்லகொண்டா, செம்மண் மேடுகள் எல்லாம் அந்த ஒரே சாலையின் மீதோ அதற்கு அருகிலோதான். தெற்கே துறைமுகம், டால்பின் மூக்கு மலை, அதைச் சுற்றிக்கொண்டு போனால் யாரடா கடற்கரை. மேற்கே சிம்மாசலம், அதற்கும் அப்பால் அரக்கு. ஒரு நாளுக்கு ஒரு திசை என்று வைத்துக்கொண்டால் நகரத்தின் போக்குவரத்து நெரிசலில் குறுக்கும் நெடுக்குமாக அலைய வேண்டியதில்லை. காலையில் சிம்மாசலம், மதியம் ருஷிகொண்டா, மாலையில் யாரடா என்று அட்டவணை போட்டுக் கொடுக்கும் முகவர் காருக்குள் உட்கார்ந்திருக்கும் நேரத்தைத்தான் விற்கிறார்.

இன்னொன்று, கிழமை. நகரத்தின் முக்கியக் காட்சியகமான நீர்மூழ்கிக் கப்பலுக்குத் திங்கட்கிழமை விடுமுறை. மற்ற வார நாட்களில் வழக்கமாகப் பிற்பகலில்தான் திறக்கிறார்கள். சனி, ஞாயிறு கூட்டத்துக்குப் பயந்து வாரத் தொடக்கத்தில் போகிறவர்கள் பூட்டிய கதவுக்கு முன் நின்று படம் எடுத்துக்கொண்டு திரும்புவது அடிக்கடி நடக்கிற கதை.

அந்தக் கப்பல் ஐ.என்.எஸ். குர்சுரா. சோவியத் ஒன்றியத்தில் கட்டப்பட்டு 1969 டிசம்பரில் இந்தியக் கடற்படையில் சேர்ந்தது. 1971 போர்க் காலத்தில் பணியில் இருந்தது. 2001 பிப்ரவரியில் ஓய்வு பெற்றது. அடுத்த ஆண்டே கரைக்கு இழுத்து வந்து, மணலில் நிறுத்தி, உள்ளே நடந்து பார்க்கும்படி ஆக்கிவிட்டார்கள். 91 மீட்டர் நீளமுள்ள எஃகுக் குழாய் அது. உள்ளே எழுபதுக்கும் மேற்பட்ட ஆட்கள் மாதக்கணக்கில் வாழ்ந்திருக்கிறார்கள். டார்பிடோக்களுக்கு அருகிலேயே படுக்கை, ஆள் ஒருவர் மட்டும் நிற்கக்கூடிய சமையலறை, ஒரு பகுதியிலிருந்து இன்னொன்றுக்குப் போகக் குனிந்து காலைத் தூக்கி வைத்து நுழைய வேண்டிய வட்ட வாசல்கள். கடற்படையில் வேலை பார்த்து ஓய்வு பெற்றவர்களே வழிகாட்டிகளாக நின்று விளக்குகிறார்கள். அவர்கள் பேச்சைக் கேட்காமல் வேகமாகக் கடந்தால் பத்து நிமிடத்தில் வெளியே வந்துவிடலாம். நின்று கேட்டால்தான் கொடுத்த காசுக்கு அர்த்தம். முழங்கால் வலி உள்ளவர்களும் அடைத்த இடத்தில் மூச்சு முட்டுகிறவர்களும் எதிரே உள்ள விமானத்தோடு நிறுத்திக்கொள்ளலாம்.

அந்த விமானத்துக்கும் தமிழ்நாட்டுக்கும் நேரடித் தொடர்பு உண்டு. டியு-142 என்ற அந்தப் பெரிய கண்காணிப்பு விமானத்தின் அணி, அரக்கோணத்தில் உள்ள ஐ.என்.எஸ். ராஜாளி தளத்திலிருந்துதான் பறந்துகொண்டிருந்தது. 2017 மார்ச்சில் அங்கேயே பிரியாவிடை நடந்தது. அந்த ஆண்டு டிசம்பரில் ஒரு விமானம் விசாகப்பட்டினத்துக் கடற்கரையில் அருங்காட்சியகமாகத் திறக்கப்பட்டது. பழைய வடார்க்காடுக்காரர்கள் தலைக்கு மேல் கேட்ட இரைச்சலை இங்கே வயிற்றுக்குள் நுழைந்தே பார்த்துவிடலாம்.

கடற்படை இந்த ஊரின் முகத்திலேயே எழுதப்பட்டிருக்கிறது. 1971 டிசம்பர் 3-ஆம் தேதி நள்ளிரவையொட்டி, பாகிஸ்தானின் காஸி நீர்மூழ்கிக் கப்பல் இந்தத் துறைமுகத்துக்கு வெளியேதான் மூழ்கியது. அந்தப் போரின் வெற்றி நினைவுச் சின்னம் கடற்கரைச் சாலையிலேயே நிற்கிறது. டிசம்பர் 4 கடற்படை நாளையொட்டி, பல ஆண்டுகள் இந்தக் கடற்கரையில் போர்க்கப்பல்களும் விமானங்களும் சாகசம் காட்டியிருக்கின்றன. அண்மைக் காலத்தில் அந்த நிகழ்ச்சி வேறு ஊர்களுக்கும் சுற்றிப் போவதால், அதற்காகவே போகிறவர்கள் இடத்தை உறுதிசெய்துகொண்டு டிக்கெட் எடுக்க வேண்டும். கடற்படை வளாகங்களின் பக்கம் கேமராவைத் திருப்பக் கூடாது என்பதையும் வீட்டுப் பிள்ளைகளிடம் முன்கூட்டியே சொல்லிவைப்பது நல்லது.

இனி கடல். கடற்கரை ஊருக்குப் போய்க் கடலில் இறங்காமல் வருவதா என்று கேட்பவர்களுக்குத்தான் இந்தப் பத்தி. ராமகிருஷ்ணா கடற்கரையும் யாரடாவும் பார்க்க அழகு, குளிக்க ஆபத்து. கரைக்கு வந்த அலைநீர் திரும்பப் போகும்போது சில இடங்களில் குறுகிய வாய்க்காலாகச் சேர்ந்து, வேகமாகக் கடலுக்குள் பாய்கிறது. அந்த இடத்தில் அலை உடைவது குறைவாக இருப்பதால் தண்ணீர் அமைதியாகத் தெரியும். அதை நம்பித்தான் வெளியூர்க்காரர்கள் அங்கேயே இறங்குகிறார்கள். ஒவ்வோர் ஆண்டும் இந்தக் கரைகளில் உயிர்கள் போகின்றன. பெரும்பாலும் நண்பர்கள் கூட்டமாக வந்த இளைஞர்கள். அப்படியொரு நீரோட்டத்தில் சிக்கினால் கரையை நோக்கி எதிர்த்து நீந்தக் கூடாது, நல்ல நீச்சல்காரரும் களைத்துப்போவார். கரைக்கு இணையாகப் பக்கவாட்டில் நீந்தினால் சிறிது தூரத்தில் அந்த இழுப்பு விட்டுவிடும். நீச்சல் தெரியாதவர்கள் கணுக்காலோடு நிற்பதுதான் ஒரே வழி. தண்ணீர் விளையாட்டு வேண்டும் என்பவர்கள் உயிர்காப்பாளர்கள் இருக்கும் ருஷிகொண்டாவுக்குப் போகலாம். 2020-இல் நீலக் கொடிச் சான்று பெற்ற கடற்கரை அது. அங்கேயும் கொடி நட்டுக் காட்டிய எல்லையைத் தாண்டக் கூடாது.

குளிக்க முடியாத கடற்கரையில் என்ன செய்வது? விடியலில் போக வேண்டும். கிழக்குக் கரையில் சூரியன் கடலிலிருந்து எழும். விசாகப்பட்டினம் நாட்டின் நேரக் கோட்டுக்கும் கிழக்கே இருப்பதால், கோடையில் ஐந்தரை மணிக்கெல்லாம் பளிச்சென்று வெளிச்சம் வந்துவிடும். அந்த நேரத்தில் கடற்கரைச் சாலை நடைப்பயிற்சிக்காரர்களுடையது. மாலையில் அதே இடம் கூட்டமும் பொரிக் கடைகளுமாக வேறு ஊராகிவிடுகிறது.

வடக்குச் சாலைக்கு ஒரு முழு நாளைக் கொடுக்கலாம். கைலாசகிரியில் பூங்காவும் பொம்மை ரயிலும் ரோப் காரும் உண்டு. ஆனால் அங்கே பார்க்க வேண்டியது மேலிருந்து தெரியும் கடற்கரையின் வளைவைத்தான். குழந்தைகள் இல்லாதவர்கள் அரை மணியில் இறங்கிவிடலாம்.

நேரத்தை மிச்சம் பிடித்துக் கொண்டுபோக வேண்டிய இடம் தொட்லகொண்டா. கடலைப் பார்த்த குன்றின் உச்சியில், ஏறத்தாழ இரண்டாயிரம் ஆண்டுகளுக்கு முன் பௌத்தத் துறவிகள் தங்கியிருந்த மடாலயத்தின் மிச்சங்கள் அங்கே இருக்கின்றன. கடற்படைத் தளத்துக்கான ஆய்வின்போது கண்ணில் பட்டு, பின்னர் 1988 முதல் 1993 வரை அகழ்ந்து வெளிக்கொணரப்பட்டது. ஸ்தூபியின் அடித்தளம், துறவிகளின் சிறு அறைகள், மழைநீரைச் சேமிக்கப் பாறையில் குடைந்த தொட்டிகள். சாதவாகனர் காசுகளோடு ரோமானிய வெள்ளிக் காசுகளும் இங்கே கிடைத்தன. கடல் வணிகம் எங்கே நடந்ததோ அதன் அருகிலேயே துறவு மடமும் இருந்திருக்கிறது. பாவிகொண்டா, பாவுராளகொண்டா என்று இதே வரிசையில் இன்னும் குன்றுகள் உண்டு. வரலாற்றில் ஆர்வம் இல்லாதவர்களுக்குத் தொட்லகொண்டா ஒன்றே போதும். நிழல் குறைவு என்பதால் காலையிலேயே ஏறிவிட வேண்டும்.

பீமிலிக்குச் சற்று முன்னால் வருகின்றன எர்ரமட்டி திப்பலு என்று உள்ளூரில் சொல்லும் செம்மண் மேடுகள். திருச்செந்தூர், திசையன்விளைப் பக்கத்துத் தேரிக்காட்டைப் பார்த்தவர்களுக்கு அந்த நிறம் உடனே பிடிபடும். இரண்டும் ஒரே இனம்தான். உறைபனிக் காலத்தில் கடல் பின்வாங்கியபோது காற்று அள்ளிக் குவித்த மணல், இரும்புச் சத்து துருவேறிச் சிவந்தது. வெப்பமண்டலக் கரைகளில் இப்படிப்பட்ட படிவுகள் அபூர்வம். தெற்கே தேரி, வடக்கே இந்த மேடுகள், இலங்கையில் சில இடங்கள் என்று விரல்விட்டு எண்ணிவிடலாம். தேரி பரந்து விரிந்தது. இங்கே மழைநீர் அறுத்து, ஆள் உயரத்துக்கும் மேலான செங்குத்துச் சுவர்களும் இடுக்கு வழிகளுமாக ஆகியிருக்கிறது. தேசியப் புவியியல் நினைவுச் சின்னமாக அறிவிக்கப்பட்ட இடம், ஆனாலும் விளிம்பில் ஏறி நின்று படம் எடுப்பவர்களால் உதிர்ந்துகொண்டே இருக்கிறது. பள்ளத்துக்குள் நடக்கலாம், சுவர் மீது ஏற வேண்டாம்.

பீமிலி என்கிற பீமுனிப்பட்டினம் டச்சுக்காரர்கள் பண்டகசாலை வைத்திருந்த ஊர். அவர்களின் கல்லறைத் தோட்டம் இன்னும் இருக்கிறது. அமைதியான ஊர், பழைய வீடுகள், ஒரு கலங்கரை விளக்கம், கோஸ்தனி ஆறு கடலில் சேரும் முகம். 1978-இல் கே. பாலசந்தர் இயக்கிய ‘மரோசரித்ரா’ படத்தில் கமல்ஹாசனும் சரிதாவும் ஓடித் திரிந்த கடற்கரைகள் விசாகப்பட்டினத்துடையதும் பீமிலியுடையதும்தான். தெலுங்குப் படம்தான், ஆனால் சென்னை சஃபையர் தியேட்டரில் ஓராண்டுக்கும் மேல் ஓடி, தமிழர்களும் பார்த்துத் தீர்த்தார்கள். அந்தத் தலைமுறையினரைக் கூட்டிப்போகிறவர்கள் பீமிலிக்குக் கூடுதலாக ஒரு மணி நேரம் வைத்துக்கொள்ளலாம்.

தெற்குத் திசைக்கு அரை நாள் போதும். துறைமுகக் கால்வாயின் மேல் அடுத்தடுத்த மூன்று குன்றுகளில் மாதா கோயில், தர்கா, பெருமாள் கோயில். மேலிருந்து கப்பல்கள் உள்ளே வருவதைப் பார்க்கலாம். 1933-இல் திறக்கப்பட்ட இந்தத் துறைமுகத்துக்கு அலையிலிருந்து காப்பு, கடலுக்குள் நீட்டிக்கொண்டிருக்கும் டால்பின் மூக்கு மலை.

சிம்மாசலத்துக்குப் போகும் தமிழர்கள் ஒரு விஷயத்தைத் தெரிந்துகொண்டு போவது நல்லது. கருவறையில் வராக நரசிம்மரின் உருவம் தெரியாது. ஆண்டு முழுதும் சந்தனத்தால் மூடி, லிங்கம்போலத்தான் காட்சி. அட்சய திருதியை அன்று ஒரு நாள் மட்டும் சந்தனத்தைக் களைந்து நிஜரூப தரிசனம். அன்றைக்கு வரும் கூட்டத்தில் சுற்றுலாப் பயணிக்கு வேலையில்லை, பக்தருக்கு மட்டுமே பொறுமை இருக்கும். இப்போதுள்ள கோயில் பெரும்பாலும் 13-ஆம் நூற்றாண்டில் கீழைக் கங்க மன்னன் முதலாம் நரசிம்மன் காலத்தில் எழுந்தது. அதற்கும் முந்தைய, 11-ஆம் நூற்றாண்டின் இறுதியைச் சேர்ந்த முதலாம் குலோத்துங்க சோழன் கல்வெட்டு அங்கே உண்டு. விசாகப்பட்டினத்துக்கே குலோத்துங்க சோழப்பட்டினம் என்று ஒரு பெயர் இருந்ததையும் கல்வெட்டுகள் சொல்கின்றன.

அரக்குவுக்கு ஏறும்போது ரயில், இறங்கும்போது கார். இந்த வரிசைதான் சரி. கிரண்டுல் போகும் ரயில் காலை ஏழு மணிக்கு முன்பே விசாகப்பட்டினத்தை விட்டுக் கிளம்பிவிடும். சத்தீஸ்கரின் பைலாடிலா சுரங்கங்களிலிருந்து இரும்புத் தாதுவைத் துறைமுகத்துக்குக் கொண்டுவந்து ஜப்பானுக்கு ஏற்றுமதி செய்வதற்காக, ஜப்பானின் ஒத்துழைப்போடு 1960-களில் போட்ட பாதை இது. சுற்றுலாவை நினைத்து யாரும் போடவில்லை, ஆனால் நாட்டின் அழகான ரயில் பாதைகளில் ஒன்றாகிவிட்டது. சிருங்கவரப்புக்கோட்டையைத் தாண்டியதும் ஏற்றம் தொடங்கும். பாதை முழுவதிலும் ஐம்பதுக்கும் மேற்பட்ட சுரங்கங்கள். ஒன்றிலிருந்து வெளியே வந்தால் கீழே பள்ளத்தாக்கு, கண் பழகுவதற்குள் அடுத்த இருட்டு. கண்ணாடிக் கூரையும் திரும்பும் இருக்கைகளும் கொண்ட விஸ்டாடோம் பெட்டி 2017-இல் இந்தப் பாதையில் வந்தது. இருக்கைகள் குறைவு. பயணத் தேதி முடிவானவுடன் முதலில் பதிவு செய்ய வேண்டியது இதைத்தான், ஓட்டல் அறை அப்புறம்.

அரக்குவில் ஓர் இரவு. பழங்குடியினர் அருங்காட்சியகம், மூங்கிலுக்குள் வைத்துச் சுட்ட கோழி, மாலையில் திம்சா நடனம். சில்வர் ஓக் நிழலில், மிளகுக் கொடிகளுக்கு நடுவே, பழங்குடி விவசாயிகள் பயிரிடும் அரபிக்கா காப்பிக்கு 2019-இல் புவிசார் குறியீடு கிடைத்தது. அதற்கு இரண்டு ஆண்டு முன்பே ‘அரக்கு’ என்ற பெயரில் பாரிஸில் கடை திறந்தாகிவிட்டது. மழை ஓய்ந்த மாதங்களில் பள்ளத்தாக்கில் பேயெள்ளு பூத்து வயல்கள் மஞ்சளாகும். டிசம்பர், ஜனவரியில் குளிர் நன்றாகவே இருக்கும், கடற்கரைத் துணிகளோடு போனால் நடுங்க வேண்டியதுதான்.

மறுநாள் காரில் இறங்கும் வழியில் காலிகொண்டா காட்சிமுனை, அனந்தகிரிக் காப்பித் தோட்டங்கள், போரா குகைகள். குகைகள் கடல் மட்டத்திலிருந்து ஏறக்குறைய 700 மீட்டர் உயரத்தில் இருக்கின்றன. சுண்ணாம்புப் பாறையைத் தண்ணீர் கரைத்துக் கரைத்து உண்டாக்கிய பெரும் கூடங்கள். மேலிருந்து தொங்குவதும் தரையிலிருந்து வளர்வதும் ஒரே நீரின் வேலை. சொட்டும் ஒவ்வொரு துளியும் கொஞ்சம் சுண்ணாம்பை விட்டுவிட்டுப் போகிறது. அந்தப் பாறைகளோடு சம்பந்தப்பட்ட கோஸ்தனி ஆறுதான் பீமிலியில் கடலில் சேருவது. படிகள் அதிகம், ஈரத்தில் வழுக்கும், வாசலில் குரங்குகள் பையைப் பிடுங்கும். மதிய இடைவேளையில் அடைத்துவிடுவார்கள் என்பதால் அரக்குவிலிருந்து காலையிலேயே கிளம்பிவிட வேண்டும்.

எப்போது போகலாம்? நவம்பர் பிற்பகுதி முதல் பிப்ரவரிவரை. ஏப்ரல், மே மாதங்களில் வெயிலைவிடப் புழுக்கம் வதைக்கும். அக்டோபரும் நவம்பர் தொடக்கமும் அழகான நாட்கள்தான், ஆனால் வங்கக் கடலின் புயல் காலம் அது. 2014 அக்டோபர் 12-ஆம் தேதி ஹுத்ஹுத் புயல் நேராக இந்த நகரத்தின் மீது வந்து மோதியது. விமான நிலையத்தின் கூரையே பிய்ந்தது, குன்றுகளின் மரங்கள் மொட்டையாயின. அந்த மாதங்களில் போகிறவர்கள் ரத்து செய்தால் பணம் திரும்பக் கிடைக்கும் அறைகளையே பதிவு செய்ய வேண்டும்.

சென்னையிலிருந்து ஹௌரா மெயிலில் மாலை ஏறினால் மறுநாள் காலை விசாகப்பட்டினம். டிக்கெட் எடுக்கும்போது ஒரு கவனம். அந்த நிலையத்துக்குள் வரும் ரயில்கள் எஞ்சினை மறுமுனைக்கு மாற்றித்தான் மேலே போக முடியும். அந்த நேரத்தை மிச்சப்படுத்தச் சில ரயில்கள் நகருக்குள் வராமல் துவ்வாடாவிலேயே நின்று போய்விடும். அங்கிருந்து நகருக்கு ஆட்டோ பிடிக்க வேண்டியிருக்கும். விமானத்தில் போகிறவர்கள், போகாபுரத்தில் அமைந்திருக்கும் புதிய நிலையமா, நகருக்குள் இருக்கும் பழைய கடற்படை ஓடுதளமா என்று சீட்டில் பார்த்துக்கொள்வது நல்லது, இரண்டுக்கும் நடுவே நெடுந்தூரம். தங்குவதற்குக் கடற்கரைச் சாலை அறைகள் விலை கூட. துவாரகா நகர், ஆர்.டி.சி. காம்ப்ளெக்ஸ் பக்கம் மலிவாகக் கிடைக்கும், பேருந்தும் அங்கிருந்துதான். தெலுங்கு தெரியாவிட்டாலும் பாதகமில்லை. துறைமுகமும் கடற்படையும் எல்லா மாநிலத்தவரையும் கொண்டுவந்து சேர்த்த ஊர் அது.

சாப்பாட்டில் காரம் நம் ஊர்க் கணக்கைத் தாண்டும், குழந்தைகளுக்குப் பருப்புப் பொடியும் நெய்யும் காப்பாற்றும். காலையில் பெசரட்டும் இஞ்சிப் பச்சடியும், மாலையில் புனுகுலு. ஊருக்கு வாங்கிவர மாடுகுலா அல்வா, கோதுமைப் பாலில் செய்வது, சில நாள் தாங்கும்.

நான்கு நாள் கிடைக்காது, இரண்டு நாள்தான் விடுப்பு என்பவர்கள் இந்த முறை அரக்குவைத் துணிந்து விட்டுவிடலாம். ஒரு நாள் கடற்கரைச் சாலையில் பீமிலிவரை, ஒரு நாள் நீர்மூழ்கிக் கப்பலும் சிம்மாசலமும் துறைமுகக் குன்றுகளும். அதுவே நிறைவான பயணம். அரக்குவுக்குத் தனியாக இன்னொரு குளிர்காலத்தில், விஸ்டாடோம் டிக்கெட் கைக்கு வந்த பிறகு கிளம்புங்கள்.